ரயில் என்னும் சொல்லுக்கு என்ன ஜாதி?

(தாம்பரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சாதாரணமானது. இந்தத் தாம்பரத்திலும், பல்லாவரத்திலும், பெருங்களத்தூரிலும் இருக்கிறவர்கள் காலையில் எழுந்தது முதல் இரவு வீடு திரும்புகிற வரையில் பத்துத் தடவையாவது வாயால் சொல்லுகிற ஒரு சொல்லைப் பற்றியது. "ரயில்" என்பதுதான் அந்தச் சொல். இந்தச் சின்னச் சங்கதிக்கு ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கலாம். பெரிய சங்கதிகளில் நாம் பிறர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லி விடுகிறோம். சின்னச் சங்கதிகளில்தான் நம் சொந்தப் புத்தி எப்படி வேலை செய்கிறது என்பது வெளியாகும். ஆகையால்தான் இதை எடுத்துக் கொண்டேன்.

நம் ஊர்களில் இந்தச் சொல்லைப் பற்றி இரண்டு விதமான பேர்வழிகள் இருக்கிறார்கள். ஒருவர் தமிழ்ப் பக்தர். "ரயில் என்பது அன்னியன் சொல், டிக்கெட் என்பது அன்னியன் சொல், இவற்றைச் சொன்னால் தமிழ் கெட்டுப் போகும்" என்கிறார். மற்றொருவர் இங்கிலீஷ் பக்தர். கிராமத்து அம்மாள் ஒருவர் ஜன்னலண்டை வந்து, "கூடுவாஞ்சேரி டேசனுக்கு ஒரு டிக்கெட்டு குடுங்கய்யா" என்று கேட்டால், "டேசனாம், டேசன்!" என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார். இந்த இருவரும் ஒருவருக்கொருவர் பரம விரோதிகள் போலக் காணப்படுகிறார்கள். ஆனால் இருவருக்கும் புத்தி ஒன்றேதான். சொல் என்ன வேலை செய்கிறது என்று இருவரும் பார்ப்பதில்லை. அது எந்த வீட்டில் பிறந்தது, பிறந்தபடியே கலப்பில்லாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். மனிதனைப் பிறப்பைக் கொண்டு அளக்கக்கூடாது என்று மேடைக்கு மேடை சொல்லுகிற நாம், சொல்லை மாத்திரம் பிறப்பைக் கொண்டு அளக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

கடன் கொடுத்தவனே கடன்காரன்

முதலில் இங்கிலீஷ் பக்தருக்குச் சொல்லுகிறேன். ஸ்டேஷன் என்று சுத்தமாகச் சொல்ல வேண்டும் என்கிறாரே, அந்த ஸ்டேஷன் யார் வீட்டுச் சொத்து? நிற்றல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல் அது. பிரெஞ்சுக்காரன் வழியாக இங்கிலீஷ்காரனுக்கு வந்தது. ரயில் என்பதும் லத்தீனில் நேரான கோலைக் குறித்த சொல். பிரெஞ்சில் உருமாறி இங்கிலாந்துக்குப் போயிற்று. டிரெயின் என்பது பிரெஞ்சில் இழுத்தல் என்ற சொல்லிலிருந்து வந்தது. டிக்கெட் என்பது பிரெஞ்சில் ஒட்டி வைக்கிற சீட்டு. பிளாட்பாரம் என்று நாம் சொல்லுவதும் பிரெஞ்சில் தட்டையான வடிவம் என்பதே. இத்தனை சொல்லையும் பக்கத்து வீட்டில் கடன் வாங்கின இங்கிலீஷ்காரனுக்கு வெட்கமில்லை. அவனிடத்தில் வாங்கின நமக்குத்தான் வெட்கம் வர வேண்டுமாம்!

அவனும் வாங்கினபடியே வைத்திருக்கவில்லை. தன் நாக்குக்கு ஏற்றபடி திருத்திக் கொண்டான். லத்தீன்காரன் பிழைத்து வந்து, "என் சொல்லை இப்படிக் கெடுத்து விட்டாயே" என்று சிரித்தால் அவன் ஒப்புவானா? அப்படியிருக்க, கிராமத்து அம்மாள் தன் நாக்குக்கு ஏற்றபடி டேசன் என்றால் அது எப்படிச் சிரிப்புக்கு இடமாகும்?

டேசன் என்பதில் ஒரு சட்டம் இருக்கிறது, தோழர்களே! இரண்டு மெய்யெழுத்துக்களை அடுக்கிக் கொண்டு தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. ஆகவே முன்னால் நின்ற "ஸ்" உதிர்ந்தது. டிக்கெட் என்று வல்லின மெய்யில் முடிந்தால் தமிழ் நாக்கு இடறும். ஆகவே ஓர் உகரம் சேர்ந்து டிக்கெட்டு ஆயிற்று. இலக்கணப் புத்தகத்தைக் கண்ணாலும் பார்த்திராத அந்த அம்மாள், தமிழின் இந்த இலக்கண விதிகளை இம்மி பிசகாமல் நடத்துகிறார். படித்தவர் தமக்கே அந்த இலக்கணம் தெரியாததால் சிரிக்கிறார்.

வடக்கு ஐரோப்பாவில் நடந்தது

இனித் தமிழ்ப் பக்தர் ஒன்று சொல்லுவார். "இங்கிலீஷ்காரன் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினது வேறு. நாம் அடிமைகளாயிருந்தோம், அதனால்தான் அவன் சொல் நம் தலையில் ஏறிற்று" என்பார். இது யோசிக்க வேண்டிய வாதம். ஆகவே, இங்கிலீஷ்காரனுக்கு ஒரு நாளும் அடிமைப்படாத நாட்டார் ரயில் வந்தபோது என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

ஐரோப்பாவின் வடக்கே டென்மார்க், நார்வே, சுவீடன் என்று மூன்று நாடுகள் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்து ஸ்காண்டினேவியா என்பார்கள். மூவர் பாஷையும் தமிழும் மலையாளமும் போல நெருங்கிய உறவு. டென்மார்க்கில் 1847-ல் கோபன்ஹேகனிலிருந்து ரோஸ்கில்டே என்ற ஊருக்கு ரயில் போட்டார்கள். நார்வேயில் 1854-ல் முதல் பாதை திறந்தது. அதைப் போட்டுக் கொடுத்தவர் ராபர்ட் ஸ்டீபன்சன் என்ற இங்கிலீஷ் எஞ்சினீயர். சுவீடனில் அரசாங்கத்தின் பெரிய பாதைகள் 1856-ல் திறக்கப்பட்டன. நம் சென்னையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியதும் அதே 1856-ம் ஆண்டில்தான். ஆகவே ரயிலைப் பொறுத்த வரையில் சுவீடன்காரனும் நாமும் ஒரே வயதுக்காரர்கள்.

தண்டவாளத்துக்கு இங்கிலீஷில் ஒன்றாயிருந்தால் ரெயில், பலவாயிருந்தால் ரெயில்ஸ். சுவீடன்காரன் இங்கிலீஷ் எஞ்சினீயர் வாயில் எப்போதும் ரெயில்ஸ், ரெயில்ஸ் என்றே கேட்டான். தண்டவாளம் ஒற்றையாகக் கிடப்பதில்லை அல்லவா? கடைசியில் உள்ள "ஸ்" பன்மைக் குறி என்பதை அவன் லட்சியம் செய்யவில்லை. ஒரு தண்டவாளத்துக்கே "ரெல்ஸ்" என்று பெயர் வைத்து விட்டான். இன்றைக்கும் சுவீடன் பாஷையில் ஒரு தண்டவாளம் என்றால் ஒரு ரெல்ஸ்தான். இதே மாதிரி, கேக் என்ற பண்டத்தின் பன்மையான கேக்ஸ் என்ற சொல்லை வாங்கி, சுவீடனில் கெக்ஸ் என்றும் டென்மார்க்கில் கிக்ஸ் என்றும் சொல்லி, ஒரே ஒரு பிஸ்கோத்துக்கு அதைப் பெயராக்கி விட்டார்கள்.

டென்மார்க்காரனும் நார்வேக்காரனும் தண்டவாளத்துக்கு இங்கிலீஷ்காரனிடம் போகவில்லை. ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்த ஸ்கின்னெ என்ற சொல்லை வைத்துக் கொண்டார்கள். பிளாட்பாரத்துக்கு மூவருமே பெர்ரோன் என்ற பிரெஞ்சுச் சொல்லை வாங்கினார்கள். பிரெஞ்சுக்காரனுக்கோ பெர்ரோன் என்றால் வீட்டு வாசற்படிக்கட்டு. ரயில் பிளாட்பாரத்துக்கு அவன் வேறு சொல் சொல்லுகிறான். ரயில்வேக்கு மாத்திரம் மூவரும் ஜெர்மன்காரனைப் பார்த்து, "இரும்புப் பாதை" என்று பொருள் வரும்படி தங்கள் சொந்தச் சொற்களையே சேர்த்துக் கட்டிக் கொண்டார்கள். நம்முடைய இருப்புப்பாதை போன்றதுதான் அது.

ஆக, சில இடத்தில் சொல்லையே வாங்கினார்கள். சில இடத்தில் பொருளை மட்டும் வாங்கித் தங்கள் சொல்லில் வார்த்தார்கள். சில இடத்தில் வாங்கினதன் அர்த்தத்தையே மாற்றினார்கள். எவனுக்கும் பாஷை செத்துப் போகவில்லை. ஆகவே கடன் சொல் என்பது அடிமைத்தனத்தின் அடையாளம் என்பது சரியல்ல. புதுச் சாமான் ஒரு நாட்டுக்குள் வரும்போது அதன் பெயரும் கூடவே வருவது உலக வழக்கம்.

நம் ஊரில் நடந்தது

இப்போது நம் தாம்பரத்துக்குத் திரும்புவோம். சுவீடன்காரனுடைய ரெல்ஸுக்குச் சிரித்தீர்களே, நம்மிடத்தில் இல்லையா? "ஒரு கூட்ஸ் போயிற்று, இன்னொரு கூட்ஸ் நிற்கிறது" என்கிறோம். கூட்ஸ் என்பது இங்கிலீஷில் சரக்குகள் என்று பன்மைப் பொருள் தருவது. நாம் அந்தப் பன்மையைப் பிடித்து ஒரு வண்டிக்குப் பெயராக்கி விட்டோம். ஒரு காலில் மாட்டுகிற ஒற்றைச் செருப்பும் நமக்குப் பூட்ஸ்தான். ஒற்றைக் காலுறையும் சாக்ஸ்தான். உலகத்தின் இரு கோடியில் உள்ள மனிதர்கள், ஒருவரை ஒருவர் கண்டிராமலே, ஒரே மாதிரி செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று பாருங்கள். இங்கிலீஷ்காரனுக்கு ரயில் என்றால் கீழே கிடக்கும் இரும்புச் சட்டம்; மேலே ஓடுகிற வண்டிக்கு டிரெயின் என்று பெயர். நாம் கீழே கிடந்த சட்டத்தின் பெயரைத் தூக்கி மேலே ஓடுகிற வண்டிக்குச் சூட்டினோம். கீழே கிடந்த சட்டத்துக்கு, இரும்பைக் குறித்து வந்த தண்டவாளம் என்ற நம் பழைய சொல்லைக் கொடுத்தோம். அந்தச் சொல் இங்கே எவ்வளவு வேர் பிடித்தது என்றால், ஒருவனுடைய புரட்டை வெளிப்படுத்துவதற்கே "உன் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுகிறேன்" என்று பேச்சு உண்டாகி விட்டது. பிளாட்பாரத்தை ஸ்டேஷனுக்கு வெளியிலும் கொண்டு வந்து, தெருவோர நடைபாதைக்கும் அதே பெயரை வைத்தோம்; பிளாட்பாரக் கடை என்றால் சென்னையில் தெரியாதவர் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ரயிலடி என்கிறார்கள். பிள்ளைகள் மரவட்டையைப் பார்த்து ரயில் பூச்சி என்கிறார்கள். இவற்றையெல்லாம் எந்தப் பண்டிதர் கூடி ஏற்பாடு செய்தார்?

யாழ்ப்பாணத்துத் தமிழர் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கேயும் ரயில் போயிற்று. பலகையில் எழுதுவது புகையிரதம். ஜனங்கள் வாயில் வந்தது கோச்சி. கோச்சு என்ற இங்கிலீஷ் சொல்லிலிருந்து வந்தது அது. அந்தக் கோச்சு எங்கிருந்து வந்தது என்றால், ஹங்கேரி நாட்டில் கோச்சு என்று ஒரு கிராமம் உண்டு. அங்கே செய்த குதிரை வண்டிக்கு அந்நாட்டார் கோச்சி என்று பெயரிட்டார்கள். அந்தச் சொல் ஐரோப்பா முழுவதும் சுற்றி, இங்கிலாந்துக்குப் போய், கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தான் நாக்கில் மறுபடியும் பழைய ஒலியையே அடைந்து விட்டது! இதற்கு என்ன ஜாதி சொல்லுவது?

யார் எந்தச் சொல்லைச் செய்தார்கள்?

ரயில் சம்பந்தமான நம் சொற்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தண்டவாளம், பெட்டி, வண்டி, கைகாட்டி என்பவை ஒரு பக்கம். டிக்கெட், ஸ்டேஷன், பாஸ், கிளாஸ், கார்டு என்பவை மற்றொரு பக்கம். முதற்பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் கண்ணால் பார்க்கக் கூடியவை, கையால் தூக்கக் கூடியவை. மரத்தின் மேல் ஒரு கை நீட்டிக் கொண்டு நின்றது. அது இறங்கினால் வண்டி வரும். அதைப் பார்த்த கிராமத்தான் "கைகாட்டி" என்றான். சிக்னல் என்ற சொல்லை விட இது எவ்விதத்தில் மட்டம்? இரண்டாவது பக்கத்தில் இருப்பவையோ பெரும்பாலும் ஜன்னலுக்கு அந்தப்புறத்திலிருந்து அதிகாரம் செய்கிறவன் வாயிலிருந்து வந்தவை. காசு வாங்குகிறவன், வழி விடுகிறவன், அபராதம் போடுகிறவன் எந்தச் சொல்லைச் சொன்னானோ அதையே நாமும் சொல்ல வேண்டியதாயிற்று. சிலிப்பர் கட்டை என்பதில் இரண்டும் ஒட்டிக் கொண்டிருக்கின்றன: எஞ்சினீயர் சிலிப்பர் என்றார், தோளில் சுமந்தவன் கட்டை என்றான். அந்த ஸ்லீப்பரையும் சுவீடன்காரன் நம்மைப் போலவே இங்கிலீஷிலிருந்துதான் வாங்கினான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆகவே உழைக்கிறவன் தனக்கு வேண்டிய சொல்லைத் தானே செய்து கொள்ளுகிறான் என்று தெரிகிறது. அதிகாரத்தின் சொற்கள் அன்னியமாயிருக்கின்றன என்றால் கோளாறு சொல்லில் இல்லை. அதிகாரம் யாரிடத்தில் இருந்தது என்பதில் இருக்கிறது.

பண்டிதர்கள் செய்த புகைவண்டி என்ற சொல்லின் கதியையும் சொல்லி விடுகிறேன். அது அழகான சொல்தான். மலையாளத்தார் தீவண்டி என்கிறார்கள். அது இன்றும் அவர்கள் பேச்சில் வழங்குகிறது. ஆனால் நம் பாதையிலே என்ன ஆயிற்று? 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மீட்டர் கேஜ் பாதையில் இந்தியாவிலேயே முதல் மின்சார ரயில் இதுதான். அந்த வண்டிக்குப் புகை ஏது? புகையில்லாத வண்டியைப் புகைவண்டி என்று பலகை சொல்லிற்று. ஜனங்கள் ரயில் என்றே சொல்லிக் கொண்டு ஏறினார்கள். பிறகு தொடர்வண்டி என்று வேறொரு சொல் செய்தார்கள். அதுவும் நல்ல சொல்லே. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும். நான் அதற்கு விரோதியல்ல. ஆனால் ரயில் என்று சொன்னவனைக் குற்றவாளியாக்குவதற்கு அது ஒரு தடியாகக் கூடாது.

நம் ஸ்டேஷன்களின் பெயர்கள்

கிண்டியைத் தாண்டித் தெற்கே வாருங்கள். பரங்கிமலை என்று ஒரு ஸ்டேஷன். பரங்கி என்பது ஐரோப்பாவில் பிராங்க் என்ற கூட்டத்தாரின் பெயர். அராபியர், பாரசீகர் வாயில் மாறி இங்கே வந்தது. 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அந்த மலையில் கோயில் கட்டிக் குடியேறியதால் பரங்கிமலை ஆயிற்று. அதே சொல் பரங்கிக்காயிலும் இருக்கிறது. பொங்கலன்று அந்தக் காயைக் கூட்டு வைத்துச் சாப்பிடும்போது யாருக்கும் ஆசாரம் கெடுவதில்லை.

அப்பால் குரோம்பேட்டை. சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரருடைய குரோம் லெதர் கம்பெனி அங்கே இருந்ததால் ஏற்பட்ட பெயர். குரோம் என்பது தோல் பதனிட உதவுகிற உப்புக்குரிய உலோகத்தின் பெயர். கிரேக்க பாஷையில் நிறம் என்று பொருள். தோல் தொட்டவனைத் தொடாதே என்று சொன்ன ஆசாரக்காரர்களும் பிற்காலத்தில் அங்கே மனை வாங்கி வீடு கட்டினார்கள். இன்றைக்கு அவர்கள் வீட்டுக் கலியாணப் பத்திரிகையிலும், சிராத்தக் கடிதத்திலும், விலாசத்தில் தோல் பதனிடுகிற மருந்தின் பெயர் அச்சாகிறது! பிள்ளையார் சுழிக்குக் கீழே குரோம் இருக்கிறது. யாருக்கும் தீட்டுப்படவில்லை.

அடுத்தது சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் க்ஷயரோகிகளுக்கு வைத்தியசாலை ஏற்படுத்திய இடம். குணப்படுத்துதல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். க்ஷயம் பூர்வ ஜன்ம பாவம் என்று சொல்லிக் கொண்டிருந்த நாட்டில், அது வியாதி, வைத்தியத்தால் தீர்க்கக் கூடியது என்று சொன்ன இடத்தின் பெயர் அது. ரயிலில் வந்து இறங்கின நோயாளிகளுக்கு அந்த லத்தீன் சொல்லை விட ஆறுதலான சொல் வேறில்லை.

கெட்ட சொல் எது?

அப்படியானால் எல்லாச் சொல்லும் ஒன்றுதானா, கெட்ட சொல்லே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. ரயில்வேயிலேயே இருந்தது. முன்காலத்தில் ரயில் ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் "பிராமணாள்" என்று ஒரு பலகையும், "இதராள்" என்று ஒரு பலகையும் தொங்கின. ஒரே வண்டியில், ஒரே மாதிரி டிக்கெட் வாங்கி, தோளோடு தோள் இடித்துக் கொண்டு வந்தவர்கள், பசிக்கு இறங்கினால் இரண்டு ஜாதியாக வேண்டும். அந்தப் பலகையில் இருந்தவை வெள்ளைக்காரன் சொற்கள் அல்ல. இந்த நாட்டுச் சொற்களே. டிக்கெட் என்ற அன்னியச் சொல் எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது. இதராள் என்ற உள்ளூர்ச் சொல் நம்மைத் தனி அறையில் தள்ளிற்று. பெரியாரும் இயக்கத்தாரும் கிளர்ச்சி செய்து, 1941-ல் அந்தப் பிரிவினை ரயில்வேயில் ஒழிந்தது. அன்று ஒழிக்கப்பட்டதுதான் கெட்ட சொல்.

அன்னியச் சொல்லிலும் கெட்டது உண்டு. மூன்றாம் வகுப்பு, அதாவது தேர்டு கிளாஸ் என்பது 1974-ல் ரயிலிலிருந்து எடுக்கப்பட்டு விட்டது. ஆனால் ஒரு மனிதனைக் கேவலமாகச் சொல்ல வேண்டுமானால் இன்றும் தேர்டு கிளாஸ் என்கிறோம். குறைந்த காசு கொடுத்து ஏறினவன் குறைந்த மனிதன் என்ற எண்ணம் வண்டியை விட்டு இறங்கி நம் வாயில் ஏறிக் கொண்டது. ஏழையின் பெட்டியை வசவாக்குகிற இந்தச் சொல்லைத்தான் நாம் விட வேண்டும்.

நாம் உலகத்துக்குக் கொடுத்த கடனையும் நினைத்துப் பாருங்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை இங்கிலீஷுக்கு நம்மிடமிருந்து போன சொற்கள். பறையர் என்ற சொல்லும் போயிற்று. அங்கே அதற்கு என்ன பொருள் தெரியுமா? யாரும் சேர்த்துக் கொள்ளாமல் தள்ளி வைக்கப்பட்டவன் என்று பொருள். உழைத்து வாழ்ந்த ஒரு ஜனசமூகத்தின் பெயரை, நாம் அவர்களை நடத்திய விதத்தைப் பார்த்து, உலகம் அப்படிப் புரிந்து கொண்டது. தமிழில் அன்னியச் சொல் கலந்ததற்கு வெட்கப்படுகிறவர்கள், தமிழிலிருந்து போன இந்தச் சொல்லுக்கு ஒரு நாளாவது வெட்கப்பட்டார்களா?

இன்னொரு கேள்வியும் வரும். "1952-ல் ஸ்டேஷன் பலகைகளில் ஹிந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தீர்களே, ரயிலை மாத்திரம் ஏன் விட்டீர்கள்?" என்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சுலபம். ரயில் என்ற சொல்லைச் சொல்லும்படி யாரும் நமக்கு உத்தரவு போடவில்லை. சாமான் வந்தது, சொல் வந்தது, நமக்கு உபயோகப்பட்டது, நம் இஷ்டப்படி மாற்றி வைத்துக் கொண்டோம். பலகையில் எழுதினது ஜனங்கள் கேட்டு வந்ததல்ல. மேலிருந்து உத்தரவாக வந்தது. மனம் ஒத்து வாங்குவது கடன். கழுத்தைப் பிடித்துக் கொடுப்பது திணிப்பு. இரண்டும் ஒன்றல்ல.

வெட்கப்பட வேண்டியது எதற்கு?

கடைசியாக முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். சுவீடன்காரன் சொல்லை வாங்கினான் என்றேன். அவன் அதோடு நிற்கவில்லை. ரெல்ஸ் என்ற சொல்லோடு வித்தையையும் வாங்கினான். ரயில் திறந்து பத்து வருஷம் ஆவதற்குள், 1865-ல், ட்ரோல்ஹெட்டன் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில் சொந்தமாக எஞ்சினே செய்து விட்டான். நமக்கும் அதே 1856-ல் ரயில் வந்தது. இந்தியாவில் முழு எஞ்சின் செய்தது 1895-ல், ஆஜ்மீரில். அதற்குப் பிறகும் வெகு காலம் எஞ்சின்கள் கப்பலில்தான் வந்தன. இங்கே செய்தால் அங்கே உள்ள தொழிற்சாலைக்கு வியாபாரம் ஏது? சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஏற்பட்டது 1955-ல்தான்.

அடிமைத்தனம் இருந்த இடம் இதுதான். ரயில் என்று சொன்னதால் நாம் அடிமையாகவில்லை. ரயிலைச் செய்ய விடாததால், செய்யக் கற்றுக் கொள்ளாததால் அடிமையாயிருந்தோம். நம் பக்கத்திலும் குற்றம் உண்டு. கையால் வேலை செய்கிறவனை, இரும்பு அடிக்கிறவனை, தோல் பதனிடுகிறவனைத் தாழ்ந்தவன் என்று ஒதுக்கி வைத்து விட்டு, மந்திரம் சொல்லுகிறவனை மேலே உட்கார வைத்த நாட்டில் எஞ்சின் எப்படி உண்டாகும்? 2018-ல் பெரம்பூர்த் தொழிலாளிகளும் எஞ்சினீயர்களும், எஞ்சினே தனியாக வேண்டாத அதிவேக ரயிலைச் செய்து வெளியே விட்டார்கள். மறு வருஷம் அதற்கு வந்தே பாரத் என்று டெல்லியில் பெயர் வைத்தார்கள். பெயர் எதுவாயினும் ஆகட்டும். செய்தது நம் ஜனங்களின் கை. அந்தக் கைக்குத்தான் மரியாதை.

ஆகவே தோழர்களே! ஒரு சொல்லைக் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். படித்தவனுக்கும் படியாதவனுக்கும் ஒன்று போல் விளங்குகிறதா? உள்ள பொருளைச் சரியாகக் காட்டுகிறதா? யாரையாவது தாழ்த்துகிறதா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றும், மூன்றாவதற்கு இல்லை என்றும் பதில் வந்தால், அந்தச் சொல் லத்தீனில் பிறந்தாலும் லண்டனில் பிறந்தாலும் நம்முடையதே. தொல்காப்பியனாரே திசைச்சொல்லையும் வடசொல்லையும் தமிழ்ச் சொற்களின் கணக்கில் சேர்த்திருக்கிறார். கைகாட்டி போன்ற நல்ல சொல் ஜனங்களிடத்தில் இருந்தால் அதை விடாதீர்கள். இல்லாத இடத்தில் வந்த சொல்லை விரட்டாதீர்கள்.

இதனால் என்ன லாபம் என்று கேட்டால், ஒன்று சொல்லுகிறேன். ஸ்டேஷனிலோ, ஆஸ்பத்திரியிலோ, பாங்கியிலோ, படியாத ஒரு அம்மாள் தனக்கு வந்தபடி ஒரு சொல்லைச் சொல்லி ஒன்று கேட்டால், சிரிக்கிறவன் பக்கம் நிற்காதீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாய் திறக்காமல், வண்டி மாறி ஏறி விடுகிறவர்களும், மருந்து மாறிச் சாப்பிட்டு விடுகிறவர்களும் இந்த நாட்டில் உண்டு. ஒரு சொல்லுக்குச் சிரிப்பது விளையாட்டல்ல. "டேசன் என்பதே சரிதான் அம்மா, உங்கள் வண்டி இரண்டாவது பிளாட்பாரத்தில் வரும்" என்று சொல்லி வழி காட்டுங்கள். அந்த அம்மாளின் பிள்ளைக்குச் சொல்லோடு கூட எஞ்சின் வித்தையும் படிக்க வழி செய்யுங்கள்.

நான் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்புக் கொள்ள வேண்டுமென்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது ரயிலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுகிற சொற்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். எது எங்கிருந்து வந்தது, என்ன வேலை செய்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள். மற்றதைத் தள்ளி விடுங்கள்.